கறுப்பாகத் தெரிவதெல்லாம் கொந்தளிப்பு அல்ல

ஒலியை மேலே அனுப்பி, எதிரொலியைக் கேட்டுக் காற்றை அளக்கும் கருவி சோடார். அதன் பக்கத்தில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் முதலில் அதன் சத்தத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். சில விநாடிகளுக்கு ஒரு தடவை ஒரு கீச்சு, பிறகு இடைவெளி, மறுபடி கீச்சு. ராத்திரி பகல் பார்க்காது, ஞாயிற்றுக்கிழமை பார்க்காது. கிழக்குக் கடற்கரையோரம் ஒரு ஆய்வு வளாகத்தில் நான் திட்ட உதவியாளனாக இருந்தபோது, அந்தக் கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. பார்த்துக்கொள்வது என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து நிற்கும் ஒரு பெரிய பெட்டி. உள்பக்கச் சுவர் முழுக்கச் சத்தத்தை விழுங்கும் பஞ்சு ஒட்டியிருக்கும். உப்புக் காற்றிலும் வெயிலிலும் அந்தப் பஞ்சு பொரிந்து தூளாக உதிரும். மழை பெய்தால் அடியில் உள்ள வடிகால் ஓட்டையைச் சருகு அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கும். காக்கை சுள்ளி கொண்டுவந்து போடும், குளவி கூடு கட்டும். இதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒழுங்காகக் கத்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகக் காது வைத்துப் பார்க்க வேண்டும்.

வளாகத்தின் இரவுக் காவலர், வயதில் மூத்தவர், ஒருநாள் கேட்டார்: “தம்பி, இது யாரைக் கூப்பிடுது? ராத்திரி பூரா கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, ஒருத்தனும் வரமாட்டேங்கிறானே.”

பதில் வந்துகொண்டுதான் இருக்கிறது அண்ணே, நம் காதுக்குக் கேட்காது என்றேன். சும்மா சொன்னதல்ல. 2000 ஹெர்ட்ஸில் ஒரு கீச்சை மேலே அனுப்பினால், 300 மீட்டர் உயரத்திலிருந்து திரும்பி வருவது தோராயக் கணக்கில் அனுப்பியதில் கோடி கோடியில் ஒரு பங்கு. அதைப் பிடித்து, அதற்குள் காற்றின் கதையைத் தேடுவதுதான் இந்தக் கருவியின் வேலை. ரேடார் ரேடியோ அலையைக் கொண்டு செய்வதை, கடலுக்கடியில் சோனார் ஒலியைக் கொண்டு செய்வதை, சோடார் ஒலியைக் கொண்டு காற்றில் செய்கிறது. ஆறு விநாடி காத்திருந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரம் வரை ஒலி போய்த் திரும்பிவிடும். அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான் நாம் சமைக்கும் புகை, ஓட்டும் வண்டிப் புகை, ஆலைப் புகை, பனிமூட்டம், கடற்காற்று எல்லாம் இருக்கின்றன.

கதை 1873இல் தொடங்குகிறது, அதுவும் ஒரு தொல்லையாக. பிரிட்டனின் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸ், மூடுபனி நேரத்தில் கப்பல்களை எச்சரிக்க எந்த ஒலி எத்தனை தூரம் கேட்கும் என்று தெரிந்துகொள்ள விரும்பியது. அறிவியல் ஆலோசகர் ஜான் டிண்டல். டோவருக்குப் பக்கத்தில் சவுத் ஃபோர்லாண்ட் என்ற வெள்ளைச் செங்குத்துப் பாறையின் மேல் ஊதுகொம்புகளையும் பீரங்கிகளையும் வைத்து, கப்பலில் கடலுக்குள் போய்க் கேட்டுப் பார்த்தார்கள். சில நாள் பத்து மைலுக்குக் கேட்டது, சில நாள் மூன்று மைலுக்கே தள்ளாடியது. அந்த வருஷம் ஜூலை 3ஆம் தேதிதான் எல்லோரும் திகைத்தது. மேகமில்லை, மூடுபனி இல்லை, கடல் தகடு மாதிரிக் கிடந்தது, நல்ல வெயில். கரையிலிருந்து இரண்டு மைல் சொச்சத்தில் கப்பல். பாறை மேல் பீரங்கிப் புகை கிளம்புவது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. சத்தம் இல்லை.

பிற்பகலில் ஒரு மேகம் சூரியனை மறைத்தது. சற்று நேரத்தில், எதுவும் கேட்காத அதே இடத்தில் ஒலி கேட்கத் தொடங்கியது.

டிண்டலின் விளக்கம் இது: வெயிலில் கடலிலிருந்து எழும் நீராவியும் சூடான காற்றும் திட்டுத்திட்டாக மேலே கிளம்பி, கண்ணுக்குத் தெரியாத ஒரு ‘ஒலி மேகத்தை’ உண்டாக்கியிருக்கின்றன. ஒலி அதில் பட்டுப் பட்டுத் திரும்பிவிட்டது. அப்படியானால் திரும்பிய ஒலி எங்கே? கரைக்கு வந்து ஊதுகொம்புகளின் அருகே கேட்டுப் பார்த்தார். கொம்பு நின்ற பிறகும் கடல் பக்கமிருந்து, ஒரு கப்பலோ பாறையோ இல்லாத வெற்றுக் காற்றிலிருந்து, எதிரொலி வந்துகொண்டிருந்தது. நான் முதன்முதலில் இதைப் படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் மிகை இல்லை. எங்கள் பெட்டி செய்யும் காரியத்தை அந்த மனிதர் வெறும் காதால் செய்திருக்கிறார்.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றியும், இங்கிலாந்தில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸும், ஒலி திரும்பி வந்ததால் அல்ல, வளைந்து தலைக்கு மேலே போய்விட்டதால்தான் கப்பலில் கேட்கவில்லை என்றார்கள். காற்றின் வேகமும் வெப்பமும் உயரத்தோடு மாறினால் ஒலி வளையும். கப்பலில் கேட்காமல் போனதற்குப் பெரும்பங்கு காரணம் அந்த வளைவுதான் என்பது இன்றைய பார்வை. ஆனால் டிண்டல் கேட்ட எதிரொலி எங்கேயும் போய்விடவில்லை. இதே ரெனால்ட்ஸ்தான் 1883இல் கண்ணாடிக் குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் சாயத்தை விட்டு, நேராக ஓடும் நீர் எப்போது கொந்தளிப்பாக, அதாவது ஒழுங்கில்லாத சுழல்களாக, மாறுகிறது என்று காட்டியவர். கொந்தளிப்பின் தந்தை, கொந்தளிப்பிலிருந்து வந்த எதிரொலி மேல் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. இது எனக்கு இன்றுவரை வேடிக்கையாக இருக்கிறது.

அப்புறம் எழுபது வருஷத்துக்கும் மேல் இந்த விஷயம் தூங்கியது. 1946இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் மூவரும் மேலே ஒலியை அனுப்பி எதிரொலி வாங்கிக் காட்டினார்கள். அவர்கள் கவலை நுண்ணலைத் தொடர்புகள் சில இரவுகளில் ஏன் தடுமாறுகின்றன என்பது. சோடார் என்ற பெயரும் அவர்களிடமிருந்தே வந்தது. 1968இல் தென் ஆஸ்திரேலியாவின் சாலிஸ்பரியில் மெக்கலிஸ்டர் என்பவர், வரும் எதிரொலியைக் காகிதச் சுருளில் உயரம் ஒரு அச்சாக, நேரம் ஒரு அச்சாக, எதிரொலியின் வலுவைக் கறுப்பாகப் பதியவிட்டார். காற்றின் படம் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. மறு வருஷமே அமெரிக்காவின் போல்டரில் கார்டன் லிட்டில், ஒலி ஏன் இந்த வேலைக்கு ரேடியோவைவிடப் பொருத்தம் என்று ஒரு நீண்ட கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கின் சாரம் எளிது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும், அதாவது ஆயிரத்தில் 1.7 பங்கு. அதே ஒரு டிகிரிக்கு ரேடியோ அலையின் வேகம் மாறுவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கும் மேல். சிதறல் அந்த வித்தியாசத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒலி பத்து லட்சம் மடங்கு வலுவாகச் சிதறும். அதனால்தான் நூறு வாட் சமாச்சாரத்தில் சோடார் பிழைக்கிறது. ஒலிக்கு உள்ள கெட்ட குணம், அது காற்றிலேயே உறிஞ்சப்பட்டுத் தேய்ந்துவிடும் என்பது. சுருதி கூடக்கூடத் தேய்வும் கூடும். அதனால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போவது கஷ்டம்.

ஒலி எந்தச் சுழலில் பட்டுத் திரும்புகிறது? 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். நேராகத் திரும்பி வரும் எதிரொலிக்குக் காரணம் அதில் பாதி, எட்டரை சென்டிமீட்டர் அளவுள்ள திட்டுகள். உள்ளங்கை அகலம். காற்றில் கிலோமீட்டர் அகலச் சுழலும் உண்டு, மில்லிமீட்டர் சுழலும் உண்டு. பெரியது உடைந்து சிறியதாகி, அது உடைந்து இன்னும் சிறியதாகி, கடைசியில் வெப்பமாகக் கரைகிறது. இந்த உடைதலுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று 1941இல் ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மகோரோவ் காட்டினார். ஒபுகோவும் டாட்டார்ஸ்கியும் அதை அலைச் சிதறலோடு இணைத்தார்கள். கலிஸ்த்ராத்தோவா 1950களின் இறுதியில் அதை மாஸ்கோவில் திறந்தவெளியில் அளந்து பார்த்தார். அந்த ஒழுங்கு இருப்பதால்தான் உள்ளங்கை அகலச் சுழலைக் கேட்டு, தெரு அகலச் சுழலைப் பற்றிப் பேச முடிகிறது.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம். இந்தச் சிதறல் சூத்திரத்தில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று காற்றின் வேகம் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பது. மற்றது வெப்பநிலை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது என்பது. வேகத்துக்குரிய உறுப்போடு கோணத்தைப் பொறுத்த ஒரு பெருக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒலி அனுப்பிய இடத்துக்கே நேராகத் திரும்பும்போது அந்தப் பெருக்கி சுத்தமாகப் பூஜ்யம். அனுப்பும் பெட்டியும் கேட்கும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் சாதாரண சோடாரில் வேகக் கொந்தளிப்பு எதிரொலியின் வலுவில் ஒரு துளிகூடச் சேராது. வருவதெல்லாம் வெப்பநிலைத் திட்டுகள் தருவது மட்டுமே. பக்கவாட்டில், நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளி இன்னொரு காதை வைத்தால் வேகத்தின் பங்கும் கேட்கும். அதற்கு இடம், கேபிள், கோணக் கணக்கு என்று ஆயிரம் தலைவலி. பெரும்பாலானவர்கள் ஒரே பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நாங்களும் அப்படித்தான்.

ஆகவே சோடார் திரையில் கறுப்பாக, அல்லது இன்றைய வழக்கப்படி சிவப்பாக, தெரிவது கொந்தளிப்பு அல்ல. வெப்பநிலை கலங்கிக் கிடக்கும் அளவு. இரண்டும் பல சமயம் கூடவே வரும் என்பதால் குழப்பிக்கொள்வது சுலபம். வண்ணப் பட்டையின் மேல் ‘கொந்தளிப்பு’ என்று எழுதி வைத்திருக்கும் மென்பொருள்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு நாளின் திரையை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை: தரை இரவெல்லாம் குளிர்ந்து, அதன் மேல் ஒட்டிய காற்றும் குளிர்ந்து, மேலே போகப் போகச் சூடு கூடும் தலைகீழ் நிலை. திரையில் நூறு இருநூறு மீட்டருக்குள் கன்னங்கறேலென்று ஒரு பட்டை, சில நாள் அதற்கு மேலும் மெல்லிய அடுக்குகள், அவற்றில் அலை எழுந்து மடங்கி உடைவது பின்னல் மாதிரித் தெரியும். புதிதாக வரும் மாணவர்கள் ‘ரொம்பக் கொந்தளிப்பு’ என்று குறித்துக்கொள்வார்கள். வெளியே வந்து பார்த்தால் இலை அசையாது. பக்கத்துக் கிராமத்து அடுப்புப் புகை மேலே எழும்ப மனசில்லாமல் பந்தல் போட்டமாதிரி படுத்திருக்கும். வெப்பநிலை உயரத்தோடு சட்டென்று மாறும் இடத்தில் மிகச் சிறிய கலக்கல் இருந்தாலே போதும், எதிரொலி வலுவாக வரும். கறுப்பு அதிகம், கொந்தளிப்பு கொஞ்சம்.

சென்னைக்காரர்களுக்கு இந்தப் பட்டையை வேறு விதத்தில் தெரியும். போகியன்று விடியற்காலையில் எரிக்கும் பழைய பாயும் டயரும் விடும் புகை இதற்குக் கீழேதான் மாட்டிக்கொள்கிறது. 2018 போகியன்று விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாகி, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. மார்கழி முடிகிற நேரம், குளிர்ந்த தரை, காற்றில்லாத அதிகாலை. அந்த நேரத்தில் எவ்வளவு எரித்தோம் என்பதோடு, மூடி எத்தனை மீட்டரில் இருந்தது என்பதும் முக்கியம். அந்த மூடியின் உயரத்தை நேரடியாகக் காட்டும் மலிவான கருவிகளில் சோடார் ஒன்று. நகரத்துக்குள் ஏன் அதிகம் இல்லை என்றால், காரணம் அந்தக் கீச்சுதான். யார் வீட்டு மொட்டைமாடியில் வைப்பது?

எட்டு ஒன்பது மணிக்கு வெயில் ஏற ஏற, அடியிலிருந்து செங்குத்தான கோடுகள் புல் முளைப்பதுபோல எழும். சூடான காற்றுத் தூண்கள் அவை. பட்டையைக் கீழிருந்து அரித்து மேலே தூக்கும். இந்த நேரத்தில் கறுப்பும் கொந்தளிப்பும் கைகோத்துப் போகும். இங்கே எதிரொலியின் வலு உயரத்தோடு குறைவதற்கு ஒரு விதி உண்டு. உயரம் இரண்டு மடங்கானால், வெப்பநிலைக் கலங்கல் சுமார் 40 சதவீதமாகிவிடும். விதிப்படி குறைகிறதா என்று பார்த்து, தரையிலிருந்து எவ்வளவு வெப்பம் காற்றுக்குள் போகிறது என்றுகூடக் கணக்கிடலாம். எனக்குப் பிடித்த நேரம் இதுதான், கருவி பொய் சொல்லாத நேரம்.

கடற்கரையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். குளிர்ந்த கடல் காற்று சூடான தரை மேல் நகரும்போது, கரையோரத்தில் கொந்தளிப்பு மெல்லிய படலமாகத் தொடங்கி, உள்நாட்டுக்குப் போகப் போகத் தடிக்கும். அந்தப் படலத்துக்கு மேலே காற்று கலக்காமல் சாதுவாக இருக்கும். ஓர் உயர்ந்த புகைபோக்கி அந்தச் சாதுவான காற்றுக்குள் புகையை விட்டால், அது கலையாமல் நாடாவாக உள்ளே போய், தடித்துவரும் படலம் அதைத் தொடும் இடத்தில் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். புகைபோக்கிக்குக் கீழே இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது, சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்குத்தான் சேதி. அணுமின் நிலையம் கடலோரம் இருக்கும் கல்பாக்கத்தில் இந்தப் படலத்தின் உயரம் ஏட்டுக்கணக்கு அல்ல என்பது சொல்லாமலே விளங்கும். அங்கே மினி-சோடாரை வைத்து, வெவ்வேறு வானிலைச் சூழல்களில் இந்தப் படலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த ஆய்வு 2002இல் இந்திய அறிவியல் அகாதமியின் ஏட்டில் வந்தது. மினி-சோடார் சுருதி கூடியது. எட்டும் உயரம் குறைவு, ஆனால் நுணுக்கம் அதிகம். மெல்லிய படலத்துக்கு அதுதான் தோது.

இந்தியாவில் சோடாரை வளர்த்தது முக்கியமாக டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 1970களிலிருந்தே அங்கே இந்த வேலை நடந்தது, அண்டார்க்டிகாவின் மைத்ரி நிலையம் வரை போனது. திருப்பதிக்குப் பக்கத்து கடங்கியில் 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மாபெரும் ரேடார் ஒன்று இருக்கிறது. மேல் வானத்தை அது நன்றாகப் பார்க்கும், தலைக்கு மேலே முதல் சில கிலோமீட்டரைப் பார்க்காது. அந்த ஓட்டையை அடைக்க அங்கேயும் சோடார் வைத்தார்கள்.

சாயங்காலத்துக்கு வருவோம். சூரியன் சாய்ந்ததும், தரை காற்றைச் சூடாக்குவது நின்று, குளிர்விக்கத் தொடங்கும் முன் ஒரு இடைவேளை. அப்போது வெப்பநிலை மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். திரையில் படம் அப்படியே மங்கி வெள்ளையாகும். கருவி கெட்டுப்போய்விட்டதா என்று புதியவர்கள் ஓடி வருவார்கள். கெட்டுப்போகவில்லை. பகலில் கிளம்பிய சுழல்கள் உடனே செத்துவிடுவதில்லை, கொஞ்ச நேரம் உழன்றுகொண்டுதான் இருக்கும். கலக்க வெப்ப வித்தியாசம் இல்லாததால் ஒலிக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதைவிட முகத்தில் அடித்தாற்போல் காட்டுவது வடகிழக்குப் பருவமழைக்கால நாட்கள். வானம் முழுக்க மேகம், மழை இன்னும் இறங்கவில்லை, கடலிலிருந்து ஒரே காற்று. பனையோலை சடசடவென்று அடித்துக்கொள்கிறது, வளாகத்துத் தகரக் கொட்டகை அதிர்கிறது. இந்தக் காற்றில் கொந்தளிப்பு இல்லையென்றால் வேறு எதில் இருக்கும்? உள்ளே வந்து திரையைப் பார்த்தால் வெளிறிய சாம்பல். காற்றின் இரைச்சல் மைக்குக்குள் புகுந்து எதிரொலியை அமுக்குவதும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூலக் காரணம் மேகமூட்டத்தில் தரைக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் இல்லாமல் போவது.

அப்படியானால் சோடாரால் கொந்தளிப்பை அளக்கவே முடியாதா? முடியும், எதிரொலியின் வலுவை விட்டுவிட்டு அதன் சுருதியைக் கேட்டால். திட்டு மேலே போய்க்கொண்டிருந்தால் சுருதி குறையும், கீழே வந்தால் கூடும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் 2000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 12 ஹெர்ட்ஸ் நகர்த்தும். காது தேறாது, கணினி தேறும். நேர் மேலே பார்க்கும் ஒலிக்கற்றை காற்றின் ஏற்ற இறக்கத்தை ஒவ்வொரு கீச்சுக்கும் சொல்லும். அரைமணி நேரத்து எண்கள் எவ்வளவு கூடிக் குறைகின்றன என்று பார்த்தால், அது உண்மையான வேகக் கொந்தளிப்பு. எதிரொலி இங்கே வெறும் தபால்காரன், சேதி சுருதியில் இருக்கிறது. செங்குத்துக் கொந்தளிப்பைச் சோடார் சொன்னால் நான் நம்புவேன்.

கிடைமட்டம் என்றால் கொஞ்சம் யோசிப்பேன். அதற்கு இரண்டு கற்றைகளைச் சாய்த்து அனுப்ப வேண்டும். 20 டிகிரி சாய்த்தால், 400 மீட்டர் உயரத்தில் சாய்ந்த கற்றை நேர்க்கற்றையிலிருந்து 145 மீட்டர் தள்ளி நிற்கும். அதுவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கத்தும். மூன்று வேறு இடத்துக் காற்றை மூன்று வேறு நேரத்தில் பார்த்து, எல்லாம் ஒரே காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறோம். அரைமணி சராசரி வேகத்துக்கு இது தாங்கும், ஏற்ற இறக்கத்துக்குத் தாங்காது. போதாக்குறைக்குக் கற்றையே பத்து டிகிரி அகலம் என்றால், 500 மீட்டரில் அது பார்க்கும் வட்டம் 85 மீட்டர் சொச்சம். அதற்குள் நடக்கும் சின்னச் சின்ன உழற்சி எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும். காற்றாலை வேலையில் இருக்கும் நண்பர்கள் முப்பந்தல் பக்கம் சோடார் வைக்கலாமா என்று கேட்டால், சராசரி வேகத்துக்குக்கூட மலையைக் கணக்கில் சேர்க்கச் சொல்வேன். கணவாய்க் காற்று மூன்று கற்றைக்கும் ஒன்றுபோல வீசும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இதே ஒலியைக் கொண்டு கொந்தளிப்பை அணுவணுவாக அளக்க இன்னொரு வழி இருக்கிறது, எதிரொலியே இல்லாமல். சோனிக் அனிமோமீட்டர். இரண்டு சின்னக் குமிழ்கள், நடுவே ஒரு சாண் இடைவெளி. மீயொலியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் அனுப்பி, எந்தப் பயணம் சீக்கிரம் முடிந்தது என்று பார்க்கும். வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம், இரண்டும் சேர்ந்ததிலிருந்து ஒலியின் வேகம், அதிலிருந்து வெப்பநிலை. விநாடிக்குப் பத்து இருபது தடவை. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. இதை நம்பகமான கருவியாக ஆக்கியவர்களில் முதன்மையானவர் ஜே. சி. கைமல், பெயரே கேரளத்தை நினைவூட்டும். 1963இல் ஜூஸ்ட் பிசிங்கரோடு சேர்ந்து இப்படி ஒரு கருவியைப் பற்றி எழுதினார். 1968 கோடையில் அமெரிக்காவின் கான்சாஸில் அறுத்த கோதுமை வயலில் 32 மீட்டர் கோபுரம் நட்டு, 5.66, 11.3, 22.6 மீட்டர் உயரங்களில் சோனிக் கருவிகளை வைத்து அவரும் குழுவினரும் எடுத்த அளவுகளிலிருந்து வந்த கொந்தளிப்பு வளைவுகளை இன்றும் பாடத்தில் வைத்திருக்கிறார்கள். பாலம் கட்டுபவரும் காற்றாலை இறக்கை வடிவமைப்பவரும் அந்த வளைவுகளை ‘கைமல் நிறமாலை’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

சோனிக் கருவிக்குத் தன் கைக்கெட்டும் காற்று மட்டுமே தெரியும். 300 மீட்டரில் அளக்க 300 மீட்டர் கோபுரம் வேண்டும். எங்கள் வளாகத்தில் ஒரு சின்னக் கோபுரம், அதில் ஒரு சோனிக். சோடார் திரையையும் சோனிக்கின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை உட்கார்ந்திருந்தால், மேலே நான் எழுதியதெல்லாம் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும். சுருதியைக் கெடுக்கிற வேலையைச் சுற்றுப்புறம் விடாமல் செய்யும் என்பதும் புரியும். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கட்டினால், அன்றைய இரவின் மேல்பாதி தரவு போச்சு. மழைத்துளி பெட்டி மேல் விழும் சத்தம் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும். கட்டடமும் பனைமரமும் அசையாத எதிரொலி தந்து, அந்த உயரத்தில் காற்றே இல்லை என்று கருவியை நம்பவைக்கும்.

இப்போது பல இடங்களில் சோடாரை எடுத்துவிட்டு லைடார் வைக்கிறார்கள். லேசர், சத்தமில்லை, தூசியில் பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து வேகத்தை நேராகச் சொல்கிறது. காற்றின் வேகம் மட்டும் வேண்டுமென்றால் நானும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் தூசி எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால், வெப்பநிலை எங்கே கலங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடாது.

அது யாருக்கு வேண்டும் என்றால், வானியலாளர்களுக்கு. நட்சத்திரத்தின் ஒளி தொலைநோக்கியில் நடுங்கி மங்குவதற்குக் காரணம் காற்று ஓடுவது அல்ல, காற்றின் வெப்பநிலை திட்டுத்திட்டாக இருப்பது. சோடார் எதை மட்டுமே கேட்கிறது என்று நான் இவ்வளவு நேரம் குறைபட்டுக்கொண்டேனோ, அவர்களுக்கு அதுவே தேவை. இந்தியாவும் பங்காளியாக இருக்கும் 30 மீட்டர் தொலைநோக்கிக்கு இடம் தேடியபோது உத்தேச மலையுச்சிகளில் சோடார்களை வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார், சாதாரண சோடாருக்கு எட்டாத அடி மீட்டர்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு சிறிய சோடாரைச் செய்து, அண்டார்க்டிகப் பனிமேட்டின் உச்சியான டோம்-ஏயில் ஆளில்லாமல் ஓடவிட்டார்கள். 2009இல் அது அளந்தபடி, அங்கே கலங்கிய காற்றுப் படலத்தின் தடிமன், பாதி நேரம், 13.9 மீட்டருக்கும் குறைவு. அதற்கு மேல் ஒரு தொலைநோக்கியைத் தூக்கி நிறுத்த ஐந்து மாடி உயரக் கோபுரம் ஒன்று போதும்.